தேய்பிறை அஷ்டமிக்குக் காத்திருக்கும் நண்டுகள்

"கிறிஸ்துமஸ் தீவில் ஒரு காலத்தில் கேசினோ இருந்ததாமே, அதை மறுபடி திறந்தால் என்ன? தீவில் முக்கால்வாசி காடுதான். ஒரு மூலையில் நாலு ஏக்கரில் ஒரு கட்டடம் இருந்தால் நண்டுக்கு என்ன குடிமுழுகிவிடும்?" ஆலந்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் கேள்வியில் இருக்கும் 'ஏக்கர்' என்ற அலகுதான் இடிக்கிறது. இந்த நண்டின் வாழ்க்கையை ஏக்கரில் அளக்க முடியாது. தேதியில் அளக்க வேண்டும், பிறகு அது நடக்கும் வழியில் அளக்க வேண்டும்.

முதலில் இடம். ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஆஸ்திரேலியப் பகுதி இது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். அதில் தேசியப் பூங்கா சுமார் 63 சதவீதம். நூறு வருடங்களுக்கு மேலாகப் பாஸ்பேட் சுரங்கம்தான் பிழைப்பு. 1993இல் சொகுசு விடுதியுடன் கேசினோ வந்தது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்தோனேசியப் பணக்காரர்கள். 1997-98இல் ரூபியா சரிந்தது, 1998இல் கடை மூடப்பட்டது. பல வருடம் கழித்து விடுதி திறந்தது, சூதாட்ட மேசைகள் இல்லாமல். பாஸ்பேட் தீர்ந்தால் அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் கேசினோவும் கூடவே எழுகிறது. வேலை வேண்டும் என்று கேட்கிற தீவுவாசிகளை வில்லன்களாக்குவது சுலபம், அது சரியும் இல்லை.

இனி நண்டு. செந்நண்டு, முழுக்கத் தரைவாசி. காட்டில் வளை தோண்டி, உதிர்ந்த இலையையும் முளைவிடும் கன்றையும் தின்று வாழ்கிறது. அந்தக் காட்டின் தரை பெருக்கி வைத்தாற்போல் இருப்பது இதனால்தான். தரையில் வாழ்ந்தாலும் செவுள் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே மழையில்லாத மாதங்களில் வளை வாயை இலையால் அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். அக்டோபர், நவம்பரில், நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற அதே காலத்தில், அங்கே முதல் நல்ல மழை விழுந்ததும் கோடிக்கணக்கில் வெளியே வந்து கடலைப் பார்த்து நடக்கும். தரையில் வாழலாம், ஆனால் குஞ்சுக்குக் கடல் வேண்டும்.

மழை 'கிளம்பு' என்று மட்டுமே சொல்கிறது. எந்த நாளில் போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்வது நிலா. இந்தக் கதையில் எனக்கு அலுக்காத இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெண் நண்டுகள் முட்டையைக் கடலில் விடுவது தேய்பிறை அரைநிலாவை ஒட்டிய நாட்களில், விடியலுக்கு முன், கடல் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் நேரத்தில். நம் கணக்கில் அது தேய்பிறை அஷ்டமி. தற்செயலான பொருத்தம் இல்லை இது. திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான கோணம், ஒரு திதிக்கு 12 டிகிரி. ஏழரைத் திதி என்றால் 90 டிகிரி. ஆக, எந்த அஷ்டமியின் நடுவிலும் பூமியிலிருந்து பார்த்தால் சூரியனும் நிலாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன.

செங்குத்தாக நின்றால் என்ன ஆகும்? கடலை ஏற்றி இறக்குவதில் நிலாவின் பங்கு 1 என்றால் சூரியனின் பங்கு சுமார் 0.46. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் 1.46 கிடைக்கிறது. அஷ்டமியில் நிலா கடலை உயர்த்தும் இடத்தில் சூரியன் தாழ்த்துகிறது. கழித்தால் மிச்சம் 0.54. அதாவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கரைகளின் வடிவத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் இது மாறும், போக்கு இதுதான்.

இந்த நண்டுக்கு நீந்தத் தெரியாது. அலை இழுத்தால் மூழ்கிச் சாகும். தீவின் கரையோ பெரும்பாலும் செங்குத்துப் பாறை. நீர்மட்டம் அதிகம் ஏறி இறங்காத நாளில்தான் தண்ணீர் ஓரத்தில் ஒட்டி நின்று, உடம்பை உலுக்கி முட்டையைக் கொட்டிவிட்டுத் தப்பிக்க முடியும். அஷ்டமி அந்த நாள்.

நேரம்? அதையும் நிலாவே சொல்லிவிடுகிறது. ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பதினைந்து நாள் ஆனால் சுற்றி அதே மணிக்கு வந்து நிற்கும். ஆகவே ஒரு கரையில் குறிப்பிட்ட பிறையன்று ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான். பிறையைத் தெரிந்தால் அலையின் உயரமும் தெரியும், மணியும் தெரியும். கடிகாரமும் காலண்டரும் ஒரே பொருளில். இறங்கும் தண்ணீர் குஞ்சுகளைக் கரையிலிருந்து வெளியே கொண்டுபோகிறது. வெயில் வருவதற்குள் தாய்கள் நிழலுக்குத் திரும்பிவிடலாம்.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முட்டையைச் சுமந்தபடி பெண் நண்டு கரையோர வளையில் 12, 13 நாள் இருக்கும். இணைந்த பிறகு முட்டை வயிற்றுப் பையில் இறங்க மூன்று நாள். அதற்கு முன் ஆண்கள் இறங்கிவர ஐந்திலிருந்து ஏழு நாள். எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 23 நாள். தேய்பிறை அஷ்டமியிலிருந்து 23 நாள் பின்னே போனால் அமாவாசைப் பக்கம் வருகிறோம். அமாவாசையை ஒட்டிக் கிளம்பி, வளர்பிறை சஷ்டியை ஒட்டி இணைந்து, நவமிவாக்கில் முட்டை சுமந்து, அடுத்த தேய்பிறை அஷ்டமியில் கொட்ட வேண்டும். மழை முன்கூட்டியே வந்தால் வழியில் தின்றுகொண்டு ஆற அமர நடக்கின்றன. தாமதமாக வந்தால் அரக்கப்பரக்க ஓடுகின்றன. ரொம்பவே தாமதமானால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுகின்றன. நம் ஊரில் அஷ்டமியன்று புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். பஞ்சாங்கத்தில் இயற்பியல் இருக்கும் பக்கத்தை நண்டு படிக்கிறது, ராகுகாலம் இருக்கும் பக்கத்தை நாம் படிக்கிறோம்.

ஒரு பெண் நண்டிடம் ஒரு லட்சம் முட்டை வரை இருக்கும். கடல்நீர் பட்ட கணமே பொரிந்துவிடும். திமிங்கிலச் சுறா உட்பட ஒரு பட்டாளமே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். மூன்று நான்கு வாரம் கடலில் மிதந்தபின், தப்பியவை 5 மில்லிமீட்டர் குட்டி நண்டுகளாகக் கரையேறி ஒன்பது நாள் நடந்து காட்டுக்குள் போகும். பல வருடங்களில் ஒன்றுகூடத் திரும்பாது. பத்து வருடத்தில் ஓரிரு முறைதான் கரை சிவக்கும். அந்த ஓரிரு முறைதான் இனத்தையே தாங்கி நிறுத்துகிறது. ஒரு மோசமான வருடத்தைப் பார்த்துவிட்டு "கட்டடத்தால் பாதிப்பு ஒன்றுமில்லை, எப்படியும் குஞ்சு வரவில்லை" என்று சுற்றுச்சூழல் அறிக்கை எழுதிவிடலாம். இரண்டு வருட ஆய்வு இந்த விலங்குக்குப் போதவே போதாது.

இனி கட்டடத்துக்கு வருவோம். கட்டடம் நிற்கும் இடம் சின்னதுதான். ஆனால் அதற்கு விருந்தாளியை ஏற்றிவரும் சாலை, காட்டுக்கும் கடலுக்கும் நடுவே குறுக்காக ஓடும். தார்ச்சாலையில் நிழல் இல்லை, சூடு அதிகம். கடப்பதற்குள் செவுள் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் சக்கரம். நண்டு ஓடு டயரையும் கிழிக்கும். அதனால் தீவில் அந்த வாரங்களில் சில சாலைகளை மூடுகிறார்கள். மற்ற இடங்களில் சாலையோரம் தாழ்வான தடுப்புச் சுவர் வைத்து, நண்டுகளைச் சாலைக்கு அடியில் இருக்கும் சுரங்க வழிக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஓரிடத்தில் சாலைக்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்தில் நண்டுப் பாலமே உண்டு. அவசரமாகப் போக வேண்டியவர் வண்டியிலிருந்து இறங்கி, வாருகோலால் நண்டுகளை ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். ஊர்க்காரர் செய்வார். இரவு விமானத்தில் வந்து விடியலில் திரும்பும் சூதாடி செய்வாரா? நெரிசலான அந்தச் சில நாட்களிலேயே போக்குவரத்தும் உச்சத்தில் இருந்தால், வருடத்தில் மீதி நாட்கள் சாலை வெறிச்சோடிக் கிடந்தும் பயனில்லை.

கட்டடத்தின் இரவு விளக்கு இன்னொரு வம்பு. சென்னைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீலாங்கரையிலிருந்து மெரினா வரை பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கைப் பார்த்து ஊர்ந்துபோவது இங்கே தெரிந்த கதை. வெளிச்சமான தொடுவானம்தான் கடல் என்பது அவற்றின் கணக்கு. 1988இலிருந்து மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கேசினோவைவிட எனக்குப் பயம் கேசினோவுக்கு வரும் சரக்குப் பெட்டிகள்தான். கிறிஸ்துமஸ் தீவின் நண்டுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது எந்தக் கட்டடமும் இல்லை, நாலு மில்லிமீட்டர் எறும்பு. மஞ்சள் பைத்திய எறும்பு என்பது அதன் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் கப்பலில் வந்து, அரை நூற்றாண்டு சத்தமில்லாமல் கிடந்தது. 1989இல் பெருங்கூட்டம் கண்ணில் பட்டது. ஒரு கூட்டத்தில் பல ராணிகள், கூட்டுக்குக் கூடு சண்டை கிடையாது, ஏக்கர் கணக்கில் விரியும். இதற்குத் தீனி போட்டது இன்னொரு வந்தேறி: மரத்தில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சி, நமக்குத் தெரிந்த அரக்குப் பூச்சியின் உறவு. அது கசியவிடும் இனிப்பைத் தின்று எறும்பு பெருகுகிறது. எறும்பு கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. நண்டின் கண்ணும் மூட்டும் வெந்து, குருடாகி, நீர் வற்றிச் சாகிறது. ஒரு கோடிக்கு மேல் நண்டுகள் இப்படிப் போயின.

இங்கேதான் 'வழி' முக்கியமாகிறது. எறும்பே இல்லாத காட்டில் வாழும் நண்டும், கடலுக்குப் போகும் வழியில் எறும்புக் கூட்டத்தைக் கடந்தால் செத்துவிடும். காடு அப்படியே இருக்கும், நண்டு மட்டும் இருக்காது. பூங்காவின் வரைபடத்தில் அந்த இடம் பச்சையாகவே தெரியும். நண்டு போனால் கன்றுகள் அடர்ந்து, இலைக்குப்பை சேர்ந்து, ஆப்பிரிக்கப் பெருநத்தை உள்ளே வரும். 2002இல் ஹெலிகாப்டரிலிருந்து ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்த இரையைத் தூவினார்கள். எறும்பு குறைந்தது, இரை தீர்ந்ததும் மறுபடி தலைதூக்கியது. கடைசியில் 2016 டிசம்பரில், மலேசியாவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது செதில் பூச்சிக்குள் முட்டையிடும். எறும்பை நேரே அடிக்காமல், அதன் ரேஷனை நிறுத்தும் வேலை. அந்நிய உயிரை அடக்க இன்னொரு அந்நிய உயிரா என்று பதறுவோர் உண்டு. வருடக்கணக்கில் சோதித்து, வேறு எதையும் தொடாது என்று உறுதி செய்தபின் விட்டது இது.

இதே எறும்பு நமக்கும் தூரத்துச் சங்கதி இல்லை. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் ஆடுமாடுகளின் கண்ணைக் கெடுத்தது இதுதான்.

கப்பல் ஏறிவந்த இன்னொன்று ஓநாய்ப் பாம்பு, 1980களில். அதன்பின் தீவின் பல்லிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இரண்டு இனங்கள் இன்று கூண்டில் வளர்ப்பதால்தான் மிச்சம். மூன்று நான்கு கிராம் எடையுள்ள ஒரு வௌவால் இனமும் தேய்ந்துகொண்டே வந்தது. நிபுணர்கள் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். பிடித்து வளர்க்க அனுமதி வந்தது 2009 ஜூலையில். ஆகஸ்டில் போனவர்களால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அந்த மாதம் 26ஆம் தேதி பதிவான ஒலிதான் கடைசி. கண்காணிப்புக்கு ஒதுக்கும் பணத்தைச் செலவு என்று எழுதும் எந்தக் கோப்பைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஒலிப்பதிவுதான் ஞாபகம் வரும்.

சென்னையிலிருந்து கப்பலேறிப் போகிற அந்தமான்-நிக்கோபாரில் கேசினோ இல்லை, வேறொன்று இருக்கிறது. கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் என 166 சதுர கிலோமீட்டர் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. துறைமுகம் வரும் கலத்தியா விரிகுடா, தோணி ஆமை முட்டையிடும் கடற்கரை. கிறிஸ்துமஸ் தீவில் மரமேறும் அதே தேங்காய் நண்டு நிக்கோபார் தீவுகளிலும் உண்டு. அதன் குஞ்சும் கடலுக்குப் போய்த்தான் தரைக்கு வர வேண்டும். அங்கே வெட்டும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடலாம் என்று காகிதத்தில் எழுத முடிந்தது, ஏக்கரில் கணக்குப் போட்டதால்தான். குறிப்பிட்ட ஒரு கரைக்கு வந்தே பழகிய ஆமைக்கு ஹரியானாவில் என்ன வேலை?

ஆக, ஆலந்தூர் வாசகிக்கு: கட்டலாமா என்று கேட்பவரிடம் மூன்று தாள் கேளுங்கள். வருடத்தின் எந்தெந்த நாட்களில் சாலை மூடப்படும் என்ற பட்டியல், கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் நண்டுகள் எந்த வழியாகக் கடலை அடையும் என்ற வரைபடம், இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் யார் திறந்து எறும்பு தேடுவார், அவருக்குச் சம்பளம் யார் தருவார் என்ற விவரம். மூன்றாவது தாளை எந்த ஒப்பந்தக்காரரும் இலேசில் தர மாட்டார்.

அஷ்டமிக் கணக்கில் சந்தேகம் இருந்தால் காசிமேடு துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். கடற்கரையில் அலை குழப்பிவிடும். துறைக்குள் நிற்கும் தூண்தான் சரி. அமாவாசை முடிந்து ஓரிரு நாளில் போய், தண்ணீர் ஏறிய கோட்டுக்கும் ஆறு மணி நேரம் கழித்து இறங்கிய கோட்டுக்கும் சாக்பீஸால் குறி போடுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். ஒரு வாரம் கழித்து, அஷ்டமி தாண்டிப் போனால் பாதிகூட இருக்காது.