டால்பினின் வயிற்றைத் தேய்க்காதீர்கள்

போன வாரம் எங்கள் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்த ஒரு டால்பின் ஓவியத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டு வாட்டர்கலர். முதுகில் கருஞ்சாம்பல் வண்ணம், கண்ணில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளி, எல்லாம் அப்படியே இருக்கின்றன. வயிறு மட்டும் இல்லை. அந்த இடத்தில் காகிதம் நார் நாராகக் கிளம்பி நிற்கிறது.

"வயிறெல்லாம் கறுத்து அழுக்காக இருந்தது, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தோம்" என்றார் கொண்டுவந்தவர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் இதே பதிலை எத்தனை தடவை கேட்டுவிட்டேன்!

அது அழுக்கே இல்லை. டால்பினுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. வயிற்றுக்கு ஓவியர் ஈய வெள்ளையை, அதாவது ஈயத்திலிருந்து செய்த வெள்ளை வண்ணத்தை, பூசியிருக்கிறார். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டுப்பட்டு அது ஈய சல்பைடாக மாறிவிடும். ஈய சல்பைடின் நிறம் கறுப்பு. அதாவது, வெள்ளைக்கு மேலே கறுப்பு வந்து ஒட்டவில்லை, வெள்ளையேதான் கறுத்திருக்கிறது. தேய்த்தால் போவது ஓவியர் பூசிய வண்ணம். எண்ணெய் ஓவியத்தில் எண்ணெய் ஓரளவு காப்பாற்றும், வாட்டர்கலருக்கு அந்தக் கவசம் கிடையாது. 1834-லேயே கறுக்காத துத்தநாக வெள்ளை வாட்டர்கலராக விற்பனைக்கு வந்துவிட்டது, ஆனாலும் ஈய வெள்ளை உடனே ஒழிந்துவிடவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதைச் சரிசெய்ய முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடை அளவாகப் பயன்படுத்தினால் கறுப்பு சல்பைடு வெள்ளை சல்பேட்டாகிவிடும். அதற்காக வீட்டில் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள். அளவு தப்பினால் காகிதமே போய்விடும்.

ஈரத்துணியும் கூடாது. வாட்டர்கலரைப் பிடித்து வைத்திருப்பது பிசின், நூறு வருஷம் ஆனாலும் தண்ணீர் பட்டால் கரையும். ரொட்டித் துண்டு, உருளைக்கிழங்கு எல்லாம் மாவுச்சத்தை விட்டுவிட்டுப் போகும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது விருந்து.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சட்டத்தின் கண்ணாடி, ஓவியத்தின் மேல் படக் கூடாது, இடையில் அமிலமில்லாத அட்டை இருக்கட்டும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். நாங்கள் காட்சிக்கு வைக்கும்போதே 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை, மங்கிய நிறத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அப்புறம் ஓரங்கள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். உடல் நீளம், பல் எண்ணிக்கை, கரை ஒதுங்கிய நாள் என்று ஓவியர் பென்சிலில் குறித்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். விலாவில் மஞ்சள் திட்டு உள்ள ஒரு டால்பின் வகை உண்டு. செத்ததும் அந்த மஞ்சள் சீக்கிரம் மங்கிவிடும். உடல் புதிதாக இருக்கும்போதே வரைந்தவருடைய படமும் குறிப்பும் விலங்கியலாளர்களுக்குச் சாட்சி மாதிரி.

கறையோ கறுப்போ, இருக்கிறபடியே எடுத்து வாருங்கள். வீட்டில் ஏதாவது செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம்.

இந்த டால்பினின் மார்புத் துடுப்புக்கு அடியில், தேய்த்த கை எட்டாத இடத்தில், நகக்கண் அளவுக்குக் கறுப்பு மிஞ்சியிருந்தது. நேற்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் அதில் மருந்தைத் தொட்டு வைத்தேன். சாம்பலாகி, அப்புறம் மெதுவாக வெளுத்தது.