காது மிஷின் ஏன் விசிலடிக்கிறது?

காது கேளாத குழந்தைக்கு மிஷின் வாங்கிய வீட்டில் முதல் மாதம் எல்லோரையும் பாடாய்ப் படுத்துவது அதன் விசில்தான். பிள்ளையை இடுப்பில் எடுத்தால் 'கீ' என்கிறது, தொட்டிலில் போட்டால் 'கீ' என்கிறது. "மிஷின் கேடாயிட்டு போல இருக்கே" என்று பார்க்க வந்தவர்கள் வேறு சொல்வார்கள். கடைசியில் யாராவது வால்யூமைக் குறைத்துவிடுவார்கள். விசில் நின்றுவிடும். கூடவே பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டிய பேச்சொலியும் நின்றுவிடும். இங்கேதான் பல குழந்தைகளின் மொழி மாதக்கணக்கில் பின்தங்கிப் போகிறது.

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினில் மேலே மைக்ரோபோன் இருக்கிறது. அது பிடிக்கும் ஒலியை உள்ளிருக்கும் சிப் பெருக்குகிறது. பெருகிய ஒலி ஒரு கொக்கி வழியாகவும் மெல்லிய டியூப் வழியாகவும் காதுக்குள் இருக்கும் மோல்டுக்குப் போகிறது. மோல்டு காதின் வடிவத்துக்கு அச்சாகப் பொருந்தினால் ஒலி முழுவதும் செவிப்பறைக்குப் போகும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் கசிந்து வெளியே வரும். கசிந்த ஒலியை மைக்ரோபோன் மறுபடி பிடிக்கும், சிப் மறுபடி பெருக்கும். கோயில் கொடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதே கணக்கு.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மிஷினைக் கழற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மோல்டின் நுனித் துளையை விரலால் அழுத்தி அடையுங்கள். விசில் நின்றால் மிஷினில் குறை இல்லை. காதுக்கும் மோல்டுக்கும் நடுவில்தான் இடைவெளி. நிற்காவிட்டால் டியூப் கீறியிருக்கும், அல்லது கொக்கி தளர்ந்திருக்கும். இரண்டும் சரியாக இருந்தால் மிஷினைச் சர்வீசுக்குக் கொடுக்கவேண்டும். மோல்டு நன்றாகப் பொருந்தியும் காதில் மாட்டினால் மட்டும் விசில் வருகிறதென்றால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். தோளில் சாய்த்துத் தூக்கும்போது மட்டும் வரும் விசிலுக்குப் பயப்பட வேண்டாம். நம் உடம்பு மைக்ரோபோனுக்கு மிக அருகில் வருவதால் ஒலி திரும்பி அடிக்கிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலும் காரணம் பிள்ளை வளர்வதே. உடம்போடு காதும் வளரும், மோல்டு வளராது. ஒரு வயதுக்குள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் பள்ளி செல்லும் வயது வரை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் புது மோல்டு தேவைப்படலாம். அளவெடுக்கும்போது நூல் கட்டிய சிறு பஞ்சை முதலில் காதுக்குள் வைத்து, அதன்மேல் சிலிக்கோன் பசையைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். அதற்குள் பிள்ளை அழுதாலும் வாயசைத்தாலும் அச்சு கோணும். பால் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்துப் போவது நல்லது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு எதிரி ஈரம். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. முட்டம், குளச்சல் பக்கமென்றால் ஆண்டு முழுக்க உப்புக்காற்று. காதுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று டியூபில் குளிர்ந்து துளித்துளியாகப் படியும். ஒரே ஒரு துளி டியூபை அடைத்தாலும் ஒலி மங்கும் அல்லது விட்டுவிட்டு வரும். பிள்ளைக்கு இதைச் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாது, நாம் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வோம்.

இதற்குத் தினமும் இரவில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். டியூபைக் கொக்கியிலிருந்து உருவி, மோல்டையும் டியூபையும் மட்டும் இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மிஷின்மேல் தண்ணீர் படக்கூடாது. டியூபுக்குள் நிற்கும் நீரைச் சிறு ரப்பர் பம்பால் ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் மூச்சிலிருக்கும் ஈரமும் உள்ளே போகும். பிறகு பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, மிஷினை சிலிக்கா ஜெல் போட்ட மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மிஷினை மாட்டுங்கள். எண்ணெயும் பவுடரும் மைக்ரோபோன் துளையை அடைத்துவிடும்.

பேட்டரியை அந்த டப்பாவில் போடாததற்குக் காரணம் உண்டு. அது துத்தநாகமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும் வகை. 13 எண் பேட்டரிக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர், அதிகத் திறன் மிஷினுக்கான 675-க்கு நீலம். ஸ்டிக்கரை உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றாட வைத்துவிட்டுத்தான் போடவேண்டும். உடனே போட்டால் முழுத்திறன் வராது. உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். சிலிக்கா ஜெல் அதை உலர்த்திக் கெடுக்கும், ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் படியும். பிள்ளை இதை விழுங்கினாலோ மூக்கில் திணித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே திசு வெந்துபோகும். பூட்டுள்ள பேட்டரிக் கதவு கேட்டு வாங்குங்கள்.

மிஷின் சரியாக ஓடுகிறதா என்று பிள்ளையிடமே சோதித்துப் பார்க்க டேனியல் லிங் என்பவர் வகுத்த ஆறு ஒலிகள் உலகெங்கும் பயன்படுகின்றன: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். 'ம்' தாழ்ந்த அதிர்வெண், 'ஸ்' மிக உயர்ந்தது; பேச்சின் வீச்சு முழுவதும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டரில் உட்கார்ந்து, உதடு தெரியாமல், சாதாரணக் குரலில், வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். இடையிடையே பேசாமலும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தாளம் பிடித்துக்கொள்ளும். சின்னப் பிள்ளையென்றால் ஒலி கேட்டதும் டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போடச் சொல்லி, நாம் கூடவே இருக்கலாம். கொட்டை வாய்க்கும் மூக்குக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே பாருங்கள்.

'ம்' கேட்பது நமக்கு மிக முக்கியம். நம் பேச்சில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தா' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கடைசியில் வரும் மெல்லிய மூக்கொலி மட்டுமே. அது கேட்காத பிள்ளைக்கு வந்தது அண்ணனா அக்காவா என்றே தெரியாது.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் பேசுவதைவிட நான்கு மீட்டரில் 12 டெசிபல் குறைவு. மிஷின் பேச்சோடு சேர்த்து மிக்ஸி, ஃபேன், தகரக்கூரையில் விழும் மழை எல்லாவற்றையும் பெருக்கும். அடுக்களையிலிருந்து கத்துவதைவிட அருகில் வந்து "மக்ளே, சோறு தின்ன வா" என்று இயல்பான குரலில் சொன்னால் தெளிவாகக் கேட்கும். வகுப்பிலும் ஆசிரியர் குரல் சுற்றியுள்ள இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்கவேண்டும். முதல் பெஞ்சும், சாலைப்பக்கம் இல்லாத ஜன்னலும் கேட்டு வாங்கவேண்டியவை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொன்னால் பள்ளியில் பேசுவார்.

மூளையில் ஒலியைக் கேட்டு உணரும் பகுதி முதல் மூன்றரை ஆண்டுகளில்தான் ஒலிக்கு மிக எளிதாகப் பழகும். அதனால் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மிஷின் காதில் இருக்கவேண்டும். ஆறு ஒலிச் சோதனையின் முடிவைத் தினமும் காலண்டரில் குறித்து வையுங்கள். நேற்று வரை 'ஸ்' கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பேட்டரி, பிறகு டியூபில் நீர், பிறகு மோல்டு துளையில் அழுக்கு என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்து இரண்டு நாளாகியும் திரும்பாவிட்டால், அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு ஆடியாலஜிஸ்ட்டிடம் போங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா, அல்லது கேட்கும் திறனே குறைந்திருக்கிறதா என்று அவர் சோதித்துப் பார்த்து மிஷினை மறுபடி அமைத்துக் கொடுப்பார்.