ஆத்தோரமா வீடு இருக்கா? சூராட்ல வர்ற வார்த்தைங்கள தெரிஞ்சு வச்சுக்குங்க

பினாங்குலயும் கேஎல்லயும் ஆத்தோரம், பெரிய லோங்காங் (சாக்கடை) ஓரம்னு குடியிருக்கிற நம்ம ஆளுங்க நெறைய. அப்பா காலத்துல கட்டுன வீடு, லைட் பில்லு தண்ணி பில்லு எல்லாம் நம்ம பேர்ல தான் வருது, நம்மள யாரு என்ன செய்யப் போறான்னு இருப்பாங்க. ஒரு நாள் கேட்ல மலாய்ல ஒரு சூராட்ட, அதாவது கடிதத்த, ஒட்டிட்டுப் போயிருவான். அதுல இருக்கிற நாலஞ்சு வார்த்தைக்கு அர்த்தம் புரியாமலே கையெழுத்தப் போட்டுட்டு வெளிய வந்த குடும்பங்கள பாத்து பாத்து வயிறு எரிஞ்சு தான் இத எழுதுறேன். சட்டம் முழுசா சொல்லப் போறதில்ல, எங்க மாட்டுவீங்களோ அத மட்டும் சொல்றேன்.

மொதல்ல யாரு எதுக்குப் பொறுப்புன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா பாதி அலைச்சல் இங்க தான். வீட்டு முன்னால சின்ன லோங்காங் அடைச்சா மாநகராட்சி: தீவுல எம்பிபிபி, செபராங் பிறைல எம்பிஎஸ்பி, கேஎல்ல டிபிகேஎல். ஆறும் கடற்கரை அரிப்பும் ஜேபிஎஸ், அதாவது ஜாபாத்தான் பெங்ஆயிரான் டான் சாலிரான். நெலம் யாருதுங்கிறது பெஜாபாட் டாயிரா டான் தானா, சுருக்கமா "தானா"ன்னு சொல்ற நெல ஆபீஸ், கேஎல்ல பிடிஜி. மேன்ஹோல்ல இருந்து நாத்தத் தண்ணி பொங்குனா அது இண்டா வாட்டர். கேக்க சுலபமா இருக்கு இல்ல? போய்ப் பாருங்க. மாநகராட்சி கிராணி இது சுங்கை, ஜேபிஎஸ் போங்கம்பான், ஜேபிஎஸ்ல இது நெலப் பிரச்சன, தானா போங்கம்பான், தானால உங்க பைல் இங்க இல்லயேம்பான், பந்து மாதிரி தட்டி விட்டுக்கிட்டே இருப்பான். அதனால வாயால சொல்லிட்டு வராதீங்க. ஒரு பக்கக் கடிதம் எழுதி ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ண குடுத்துட்டு இன்னொண்ணுல "தெரிமா" சாப்பு, அதாவது வாங்கிக்கிட்டோம்ங்கிற முத்திரை, தேதியோட அடிச்சு வாங்கிக்குங்க. சாப்பு அடிக்க மாட்டேன்னா அங்கயே நின்னு போன்லயே சிஸ்பாங்கிற அரசாங்க புகார் தளம் வழியா புகார் போடுங்க, நம்பர் வரும், அந்த நம்பர பத்திரமா வச்சுக்குங்க. அடுத்த தடவ எந்தக் கவுன்ட்டர்ல போய் நின்னாலும் அந்த சாப்பும் நம்பரும் தான் பேசும்.

இப்ப "ரிசாப் சுங்கை". ஆத்தோட ரெண்டு கரையிலயும் ஆத்துக்குன்னு விட்டு வைக்கிற நெலம். ஜேபிஎஸ் கணக்குல ஆறு 40 மீட்டருக்கு மேல அகலம்னா ரிசாப் 50 மீட்டர், 20ல இருந்து 40 வரைக்கும்னா 40, 10ல இருந்து 20 வரைக்கும்னா 20, 5ல இருந்து 10ன்னா 10, அதுக்கும் சின்னதுன்னா 5 மீட்டர். இது வழிகாட்டி அளவு தான். உங்க வீடு இந்த அளவுக்குள்ள இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக அது கவர்மெண்ட் நெலம் ஆயிராது. சட்டப்படி ரிசாப் ஆகணும்னா நிலச் சட்டம் செக்சன் 62 கீழ வார்த்தா போட்டிருக்கணும், அதாவது கெசட்டுல வந்திருக்கணும். ஆபீஸ்ல டேப் வச்சு அளந்துட்டு நீங்க ரிசாப்ல இருக்கீங்கன்னா, வார்த்தா நம்பர் என்ன, பிளான் எங்கன்னு எழுத்துல கேளுங்க. கேட்ட ஒடனே மூஞ்சி மாறும், அதப் பாத்துப் பயப்படாதீங்க.

அதே சமயம் வார்த்தா இல்லன்னா நம்ம இஷ்டம்னும் நெனச்சிராதீங்க. 1920ல வந்த ஆக்தா ஆயிர்னு ஒரு பழைய சட்டம் பினாங்குக்கும் கேஎல்லுக்கும் இன்னும் இருக்கு, கரையில இருந்து 50 அடிக்குள்ள அனுமதி இல்லாம கட்டடமோ செவுரோ கட்டக் கூடாது. வெள்ளம் வருதுன்னு நீங்களே சொந்தக் காசுல கரையில செவுரு எழுப்புனா அதுவும் இதுல மாட்டும். இன்னொண்ணு, உங்க பேர்ல கெரான், அதாவது நெலப் பத்திரம், இருந்தும் நெலத்த பிரிக்கவோ வகை மாத்தவோ நீங்களா மனு போட்டீங்கன்னா, அப்ப அந்த ரிசாப் அளவ விட்டுக் குடுன்னு கண்டிசன் போடுவாங்க. மனு போடறதுக்கு முன்னாடி ஜேபிஎஸ் என்ன கேக்கும்னு விசாரிச்சுட்டு போடுங்க.

சரி, உங்க கையில என்ன காயிதம் இருக்கு? எல்லாம் இதுல தான் இருக்கு. அசஸ்மெண்ட் ரசீது, டிஎன்பி பில்லு, வீட்டு நம்பர் பிலேட், தொகுதி ஆளு குடுத்த கடிதம், இது எதுவும் நெல உரிமை இல்ல. தானா ஆபீஸ்ல லாட் நம்பர குடுத்து சாரியான் ராஸ்மி, அதாவது நெலப் பதிவு விவரம், எடுத்துப் பாருங்க, யாரு பேர்ல இருக்குன்னு தெரிஞ்சுரும். லாட் நம்பரே இல்லன்னா பெரும்பாலும் அது தானா கெராஜாஆன், அரசு நெலம். அம்பது வருசம் இருந்துட்டோமேன்னு வாதாட முடியாது, நிலச் சட்டம் செக்சன் 48 பச்சையா சொல்லுது, எத்தன காலம் குடியிருந்தாலும் அரசு நெலம் உங்களுதாகாது. சூராட்ல செக்சன் 425ன்னு பாத்தா அது அனுமதியில்லாம குடியிருக்கிற குத்தம், 5 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், 5 வருசம் வரைக்கும் ஜெயில்னு அதுல எழுதியிருக்கும். படிச்ச ஒடனே கை கால் நடுங்கும் தான். அந்த நடுக்கத்துல தான் பக்கத்துல ஒரு போராங்க, அதாவது பாரத்த, நீட்டுவான், அதுல "சுகாரேலா"ன்னு ஒரு வார்த்த இருந்தா நீங்களா விருப்பப்பட்டு காலி பண்றீங்கன்னு அர்த்தம். அங்கயே கையெழுத்து போடாதீங்க. பிள்ளைங்ககிட்ட காட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு போட்டோ எடுத்துட்டு வந்துருங்க.

நம்ம ஆளுங்க அதிகமா ஏமாந்து போற எடம் டிஓஎல். அரசு நெலத்துல தற்காலிகமா குடியிருக்கக் குடுக்கிற லைசன்ஸ், மலாய்ல எல்பிஎஸ், லெசென் பெண்டுடுக்கான் செமெந்தாரா. எங்கள்ட்ட லைசன்ஸ் இருக்கு, நாங்க கள்ளக் குடி இல்லன்னு பெருமையா சொல்லுவாங்க. அந்த போராங் 4ஏ காயிதத்த எடுத்துத் தேதிய பாருங்க. எந்த மாசம் எடுத்தாலும் அந்த வருசம் டிசம்பர் 31க்கு மேல செல்லாது, புதுப்பிச்சா தான் உண்டு. அதவிட மோசம், லைசன்ஸ் யாரு பேர்ல இருக்கோ அவரு இறந்துட்டா அன்னைக்கே லைசன்ஸும் முடிஞ்சுது, செக்சன் 68. வாரிசுக்குப் போகாது, விக்கவும் முடியாது. அப்பா செத்து பல வருசம் ஆகியும் அவரு பேர்லயே காசு கட்டிட்டு வர்ற குடும்பங்க இருக்கு, கவுன்ட்டர்ல காசு வாங்குறவனும் ஒரு வார்த்த சொல்ல மாட்டான், வாங்கிப் போட்டுக்குவான், ஆனா வீட்ட ஒடைக்க வரும்போது மட்டும் டக்குன்னு ஞாபகம் வந்துரும் லைசன்ஸ்காரரு உயிரோட இல்லன்னு. அப்பா அம்மா பேர்ல டிஓஎல் இருந்தா, அவங்க இருக்கும்போதே தானால போய் உங்க பேருக்கு புதுசா மனு போட முடியுமான்னு கேளுங்க. இறந்துட்டாங்கன்னா சாவு சர்டிபிகேட்ட எடுத்துட்டு இப்பவே போங்க, நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

வெள்ளத் தடுப்பு வேலைன்னு வந்தா சூராட்ல "ஆர்டிபி"ன்னு இருக்கும், ரன்சாங்கான் தெபாத்தான் பஞ்சிர். ஆத்த அகலப்படுத்துறதுக்கு எடம் வேணும்னு கேப்பாங்க. 2017 நவம்பர்ல பினாங்கே தண்ணியில மெதந்து 7 உசுரு போச்சு, அதனால வேலை வேண்டாம்னு யாரும் சொல்லப் போறதில்ல. ஆனா டிஓஎல் காரங்களுக்கு இதுல நஷ்ட ஈடுன்னு உரிமை கெடையாது. குடுத்தா அதுக்குப் பேரு சாகுஹாத்தி, அவங்களா பாத்துக் குடுக்கிறது. மாத்து வீடு தர்றோம்னு வாயால சொன்னா நம்பாதீங்க, சூராட் தாவாரான், அதாவது ஆஃபர் லெட்டர், வேணும், அதுல வாடகையா சொந்தமா, யாரு பேர்ல, எந்த பிளாட்டுன்னு இருக்கணும்.

கெரான் இருக்கவங்க கதை வேற. 1960 நில எடுப்புச் சட்டம் உங்களுக்கு உண்டு. போராங் ஈ வந்தா விசாரணைக்குக் கூப்பிடுறாங்கன்னு அர்த்தம். அன்னைக்கு லீவு போட்டாவது போங்க, போய் எனக்கு இவ்வளவு வேணும்னு எழுத்துல கிளெய்ம் குடுங்க. குடுக்கலன்னா பின்னாடி தொகை பத்தாதுன்னு கோர்ட்டுக்குப் போற வழியே அடைஞ்சுரும். அப்புறம் போராங் எச்ல தொகை வரும். கம்மியா இருந்தா ஆட்சேபத்தோட வாங்குறேன்னு தெளிவா எழுதிட்டு வாங்குங்க, சும்மா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்க. ஆட்சேபம் போராங் "N"ல, விசாரணைல நீங்க இருந்தீங்கன்னா தீர்ப்பு சொன்ன நாள்ல இருந்து 6 வாரம் தான். அந்த 6 வாரத்துல வக்கீல தேட ஆரம்பிச்சா நேரம் பத்தாது, போராங் ஈ வந்த அன்னைக்கே தேடுங்க. கெரான் இன்னும் தாத்தா பேர்லயே கெடந்தா காசு உங்க கைக்கு வராது, மொதல்ல புசாக்கா கெச்சில் (சின்ன வாரிசு சொத்து) யூனிட்ல பேரு மாத்துற வேலைய ஆரம்பிங்க. பினாங்குல இன்னொரு கூட்டம் இருக்கு, நெலம் வேற ஆளுது, வீடு மட்டும் நம்மளுது, மாசா மாசம் தரை வாடகை கட்டுறவங்க. நெலக்காரருக்குப் போராங் வந்துரும், உங்களுக்கு ஒண்ணும் வராது. பழைய வாடகை ரசீத ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டு வக்கீல் சங்கத்தோட சட்ட உதவி மையத்துக்குப் போங்க.

கடலோரம் கொஞ்சம் தான் சொல்றேன். கெரான் இருந்தாலும் கடலோ ஆறோ அரிச்சு உங்க நெலத்த தின்னுட்டா, தின்ன பகுதி அரசுக்குப் போயிரும், நிலச் சட்டம் செக்சன் 49. நஷ்ட ஈடுன்னு நெனச்சு அலையாதீங்க, அரிப்பு ஆரம்பிக்கும்போதே போட்டோவோட ஜேபிஎஸ்க்கு எழுதிப் போடுங்க.

கடைசியா வெள்ளக் காசு, பந்துவான் வாங் இஹ்சான், ஒரு குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி. நெலம் யாருதுங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, வீட்டுக்குள்ள தண்ணி வந்த குடும்பத்துக்கான காசு. பிபிஎஸ்ல, அதாவது மண்டபத்துலயோ ஸ்கூல்லயோ போய்த் தங்குனவங்க பேரு தானாவே பட்டியல்ல ஏறிரும். மாட்டிக்கிறவங்க யாருன்னா அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தவங்க, மாடியில ஒக்காந்து சமாளிச்சவங்க. தண்ணி வடிஞ்ச ஒடனே பம்பரமா சுத்தி வீட்ட கழுவித் தள்ளிட்டு அப்புறம் போய் நின்னா, எங்க தண்ணி வந்துச்சுன்னு கேப்பான். செவுத்துல தண்ணி நின்ன கோடு தெரியிற மாதிரி, வீட்டு நம்பரும் தெரியிற மாதிரி மொதல்ல படம் எடுங்க, அப்புறம் கழுவுங்க. அந்த வாரத்துக்குள்ளயே பெஜாபாட் டாயிராலயும் கம்போங் தலைவர்கிட்டயும் பேரக் குடுங்க. ஐசில பழைய வீட்டு விலாசம் இருக்கவங்க நெறைய பேருக்கு இது நின்னு போகுது, அந்த மாச லைட் பில்லோ வாடகை ஒப்பந்தமோ கூட வைங்க. காசு தலைவரு பேங்க் கணக்குக்குத் தான் வரும், அதனால படுத்த படுக்கையா இருக்கிற தாத்தா பேர தலைவரா போட்டு, பல வருசமா பொழங்காத கணக்கு நம்பர குடுத்துட்டு, காசு வரலயேன்னு நிக்காதீங்க, போராங் குடுக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கணக்கு உயிரோட இருக்கான்னு பேங்க்ல கேட்டுக்குங்க.