மருந்து தட்டில் இருக்கு, கணினியில் இல்லை

"தம்பி, மருந்து தட்டில இருக்கு. கணினி இல்லையெண்டு சொல்லுது." வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் காலையிலேயே அழைத்தார். முதல் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. அந்த இடைவெளியில்தான் அவருடைய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை 13ஆம் பதிப்பிலிருந்து 18க்கு மாற்றி, பழைய கணினியிலிருந்து புதியதற்கும் கொண்டுவந்திருந்தேன். 13க்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது, மாற்றாமல் இருக்க வழியில்லை.

பதிப்பு மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது? புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடையை நினைத்துப் பாருங்கள். மூட்டைகள் களஞ்சியத்தில், எந்த மூட்டை எங்கே என்ற கணக்குப் புத்தகம் கல்லாவில். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் அந்தப் புத்தகத்தின் அமைப்பு மாறும், மூட்டைகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதனால் பிஜி அப்கிரேட் என்ற கருவி புத்தகத்தை மட்டும் புதிதாக எழுதிவிட்டு, மூட்டைகளைத் திறக்காமலே புதிய களஞ்சியத்துக்கு மாற்றிவிடுகிறது. எத்தனையோ கிகாபைட் தரவு சில நிமிடங்களில் மாறுவது இதனால்தான்.

போயா அன்று முதலில் அந்தக் கருவி நின்றே போனது. பழையதில் செக்சம் இல்லை, புதியதில் இருக்கிறது, பொருந்தாது என்று லொக்கில், அதாவது கருவி எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில், தெளிவாக எழுதியிருந்தது. செக்சம் என்பது தரவு சேமிக்கப்படும் 8 கிலோபைட் பக்கம் ஒவ்வொன்றோடும் சேர்த்து எழுதப்படும் ஒரு சரிபார்ப்பு எண். வட்டு பழுதாகி ஒரு பிட் மாறினாலும் அதைக் காட்டிக்கொடுக்கும். 18இலிருந்து புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களில் அது தானாகவே இயங்குகிறது, 13இல் நாம் கேட்டால்தான். பழைய சேர்வரை நிறுத்தி, அதிலும் செக்சத்தை இயக்கிவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன், சரி வந்துவிட்டது. இந்த மாதிரிச் சத்தம் போட்டு நிற்கும் பிழைக்குப் பயப்படவே வேண்டாம், தரவு தொடப்படாமல் இருக்கும், லொக்கின் முதல் பிழை வரியை ஆறுதலாக வாசித்தால் போதும். பழைய கோப்புறையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம் என்று அவசரப்படுவதுதான் ஆபத்து.

ஐயா சொன்ன பிழை வேறு வகை. எல்லாம் வெற்றி என்று வந்த பிறகு, சத்தமில்லாமல் நடந்தது.

தரவுத்தளம் ஒரு பெயரைத் தேடும்போது எல்லா வரிகளையும் பார்ப்பதில்லை. இன்டெக்ஸ் என்ற வரிசைப்படுத்திய பட்டியலில் போய், "இதற்கு முன்னாலா, பின்னாலா" என்று கேட்டுக் கேட்டே இடத்தைப் பிடிக்கிறது. எது முன், எது பின் என்பதைத் தீர்மானிப்பது போஸ்ட்கிரெஸ் இல்லை, வழக்கமான லினக்ஸ் அமைப்பில் அது ஜிலிப்சி என்ற, இயங்குதளத்தோடு வரும் அடிப்படை நிரல் நூலகத்தின் வேலை. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையையே மாற்றிவிட்டது. ஐயாவின் கடையில் மருந்துத் தொகுதி எண்கள் 20-7, 201 என்று இருக்கும். பழைய விதி முதல் சுற்றில் சிறுகோட்டைக் கணக்கில் எடுக்காது, 207ஆகப் பார்த்து 201ஐ முன்னால் வைக்கும். புதிய விதியில் சிறுகோடு இலக்கத்துக்கு முந்தியது, ஆகவே 20-7 முன்னால். பழைய கணினியில் ஓடியது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 9ஆம் பதிப்பு, அந்த மாற்றத்துக்கு முந்தியது; புதியதில் 12, அதற்குப் பிந்தியது. இன்டெக்ஸ் பழைய விதிப்படி அடுக்கியது, தேடுவது புதிய விதிப்படி. 201க்கு முன்னால் தேடுகிறது, 20-7 இருப்பதோ அதற்குப் பின்னால்.

இதைவிட மோசம், ஒரே எண் இரண்டு தரம் வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் இதே இன்டெக்ஸை நம்பித்தான் நிற்கிறது. கணினி இல்லையென்றதும் காலையில் கடைப்பிள்ளை 20-7ஐப் புதிதாகப் பதிந்துவிட்டார், அதுவும் தடுக்கவில்லை.

மருந்து வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்ததால் முதலில் விற்பனையைக் கையால் எழுதச் சொன்னேன். அப்புறம் இன்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ரீஇன்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். இரட்டைப் பதிவு இருக்கிறது என்று அது மறுத்தது, மறுத்ததே நல்லது, அதை வைத்துத்தான் எந்த எண் என்று கண்டுபிடித்தோம். இரண்டு வரிகளின் இருப்பையும் தட்டில் எண்ணிப் பார்த்து ஒன்றாக்கியதும் ரீஇன்டெக்ஸ் முடிந்தது.

நீங்களும் இயங்குதளத்தையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால், 1-1, 11 இரண்டையும் பழைய கணினியிலும் புதியதிலும் அதே மொழி அமைப்பில் வரிசைப்படுத்தும் சோர்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். வரிசை வேறாக வந்தால், கடை திறக்கும் முன்பே எழுத்து இன்டெக்ஸ்கள் எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிடுங்கள்.