டிடென்ட்: லீவர் ‘தங்கும்’ இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

டிடென்ட் (பெயர்ச்சொல்): நகரும் லீவரையோ சுழலும் குமிழையோ குறிப்பிட்ட இடத்தில் மெல்லப் பிடித்து வைத்து, சற்றுக் கூடுதலாக அழுத்தினால் விட்டுவிடும் அமைப்பு. தமிழில்: தங்குபள்ளம் (உறுப்பு), தங்குநிலை (அந்த உறுப்பு காட்டும் நிலை).

வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் பேச்சில் இதை ‘லாக்’ என்கிறார்கள். “சிஎல்-ல லாக் விழுது, ஆனா சிம்ல காட்டல” என்பது அடிக்கடி கேட்கும் புகார். (சிஎல் என்பது ஏர்பஸ் உந்துவிசை லீவரின் ஒரு நிலை.) லாக் என்பது பொருத்தமான சொல் அல்ல. பூட்டு, திறக்கும்வரை நகர விடாது. டிடென்ட் விரல் அழுத்தத்துக்கே இணங்கிப் போகும். இதோடு குழம்பும் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ‘ஸ்டாப்’ என்பது அதற்கு மேல் போகவே முடியாத எல்லை. ‘கேட்’ என்பது வேறொரு செயலையும் செய்தால் மட்டுமே கடக்கக்கூடிய தடை. லீவரைத் தூக்க வேண்டும், அல்லது ஒரு கொக்கியை இழுக்க வேண்டும். போயிங் 737-இன் ஃப்ளாப் (இறக்கை மடல்) லீவருக்கு 1, 15 ஆகிய இரு நிலைகளில் கேட் உண்டு. தரையிறங்காமல் மீண்டும் மேலேறும்போது லீவர் தேவைக்கு மேல் முன்னே ஓடிவிடாமல் அங்கே நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. மற்ற நிலைகள் வெறும் டிடென்ட். மூன்றையும் ‘லாக்’ என்று ஒரே பெயரில் அழைத்தால், வீட்டில் குவாட்ரண்ட் (லீவர்கள் பொருத்திய பெட்டி) செய்பவர் எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பார்.

சொல்லின் வேர் சற்று வேடிக்கையானது. லத்தீனில் ‘டெண்டேரே’ என்றால் இழுத்து விறைப்பாக்குதல். பழைய பிரெஞ்சில் அதற்கு எதிர்ச்சொல் ‘தெஸ்தாந்த்ர்’, அதாவது நாணைத் தளர்த்துதல். அதிலிருந்து பிறந்த ‘தேதாந்த்’ விறைத்ததை விடுவிக்கும் பொறியைக் குறித்தது. துப்பாக்கி விசைக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கடிகாரத் தொழிலுக்குள் நுழைந்தபோது பொருள் திசை மாறியது. மணியடிக்கும் சக்கரங்களை நேரம் வரும்வரை பிடித்து வைத்து, தூக்கினால் ஓட விடும் சிறு கொண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. விடுவிப்பதற்கு வைத்த பெயர் பிடித்து வைப்பதற்கு ஆகிவிட்டது. தடுத்து வைத்தலைக் குறிக்கும் ‘டிடெயின்’ ஒலியில் நெருக்கம், வேர் வேறு. பியேர் லெ ரோய் 1748-இல் உருவாக்கிய டிடென்ட் வகை விடுவிப்பான் (கடிகாரச் சக்கரத்தைப் பல் பல்லாக விடும் உறுப்பு) பின்னர் கப்பல் கடிகாரங்களில் பெருகியது. 1970களில் அமெரிக்க, சோவியத் பதற்றத் தணிவுக்குச் செய்தித்தாள்கள் பயன்படுத்திய ‘தேதாந்த்’தும் இதே சொல்தான்.

தமிழாக்கத்தில் ‘தடுப்பி’ சரிப்படாது. வால்வு முதல் வேகத்தடை வரை எதற்கும் பொருந்தும் பொதுச்சொல் அது. கடிகார உறுப்புக்குக் ‘கொண்டி’ பொருந்தும், லீவர் பள்ளத்துக்குப் பொருந்தாது. ‘நிறுத்தம்’ என்றால் ஸ்டாப்போடு குழம்பும். லீவர் அங்கே சற்றுத் தங்கிப் பிறகு போகிறது என்பதால் ‘தங்குபள்ளம்’ சரியாக உட்காருகிறது. (வினைத்தொகை, ‘ப்’ மிகாது.) உறுப்புக்கு ஒரு சொல், நிலைக்கு ஒரு சொல் என இரண்டு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளம் கையில் இருக்கிறது. நிலை மென்பொருளில் ஓர் எண்ணாக இருக்கிறது. சிமுலேட்டரில் வரும் சிக்கலில் பெரும்பகுதி இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான்.

ஏர்பஸ் ஏ320 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் த்ரஸ்ட் (உந்துவிசை) லீவருக்கு ஐடில் (குறைந்தபட்ச விசை) 0 டிகிரி, சிஎல் (மேலேறும் விசை) 25, எஃப்எல்எக்ஸ்/எம்சிடி (குறைத்த புறப்பாட்டு விசை / தொடர்ந்து தரக்கூடிய உச்ச விசை) 35, டோகா (முழுப் புறப்பாட்டு விசை) 45. பின்பக்கம் ரிவர்ஸ் (எதிர்விசை) ஐடில் கழித்தல் 6, முழு ரிவர்ஸ் கழித்தல் 20. ஐடிலுக்குக் கீழே போக ரிவர்ஸ் பிடிகளைத் தூக்க வேண்டும், ஆகவே அந்த இடத்தில் இருப்பது கேட். ஏர்பஸ்ஸில் ஆட்டோ த்ரஸ்ட் (தானியங்கி உந்துவிசைக் கட்டுப்பாடு) ஓடும்போதும் லீவர் தானாக நகராது. சிஎல் தங்குநிலையில் அப்படியே கிடக்கும். கணினி லீவரைப் பார்ப்பது அது எந்த நிலையில் தங்கியிருக்கிறது என்று அறியத்தான். அதனால் எண் சற்றுப் பிசகினாலும் விளைவு பெரிது. கை சிஎல் பள்ளத்தில் இருந்தும் திரையில் ‘எல்விஆர் சிஎல்பி’ (லீவரைச் சிஎல்லுக்குக் கொண்டுவா) மினுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு லீவரில் ஒன்று மட்டும் பிசகினால் ‘எல்விஆர் அசிம்’ (லீவர்கள் ஒத்தில்லை) வரும். தரையிறங்கியபின் ஐடில் என்று உணரப்படாவிட்டால் கிரவுண்ட் ஸ்பாய்லர் (இறக்கைமேல் எழுந்து தூக்குவிசையைக் குறைக்கும் தகடு) எழாது, விமானம் ஓடுபாதையில் மிதக்கும். போயிங் 737-இல் ஆட்டோ த்ராட்டில் லீவர்களையே நகர்த்தும். முன்னோக்கிய உந்துவிசைப் பகுதியில் பள்ளம் எதுவும் இல்லை. ஏர்பஸ்ஸுக்கான குவாட்ரண்டில் 737 ஓட்டினால், ஒவ்வொரு முறையும் தேவையற்ற இடத்தில் கை இடறுவது இதனால்தான்.

பள்ளத்தைச் செய்வது எளிது, அளவுதான் முக்கியம். லீவரோடு சுழலும் வளைத்தட்டில் பள்ளங்கள் வெட்டி, உடலில் ஸ்பிரிங் வைத்த பந்து முனைத் திருகு ஒன்றைப் பொருத்துவது வழக்கமான முறை. எம்6 அளவுத் திருகில் பந்து ஏறத்தாழ 3.5 மி.மீ. விட்டம். வளைத்தட்டின் ஆரம் 60 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு விளிம்பில் 1.05 மி.மீ. கிடைக்கும், ஐடிலுக்கும் ரிவர்ஸ் ஐடிலுக்கும் நடுவே 6.3 மி.மீ. இடம். இதே தட்டை 30 மி.மீ. ஆரத்தில் செய்தால் அந்த இடைவெளி 3.1 மி.மீ. ஆகச் சுருங்கும், பந்தே அதைவிடப் பெரிது, இரண்டு பள்ளமும் ஒன்றாகிவிடும். பள்ளத்தை ‘வி’ வடிவில் வெட்டுங்கள். அரைவட்டமாக வெட்டினால் பந்து அமர்ந்தபின் பக்கவாட்டில் ஆட இடமிருக்கும், ஒவ்வொரு முறையும் எண் வேறாக வரும். தட்டைப் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்தால் பந்து ஓடும் தடத்தில் பள்ளத்தின் விளிம்பு மெல்ல மழுங்கும். அலுமினியத் தகடே நல்லது.

அடுத்தது அந்தக் கோணத்தை அளக்கும் உணரி. பலரும் கைக்கு எட்டிய 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை (சுழற்றினால் மின்தடை மாறும் உறுப்பு) நேரடியாக அச்சில் மாட்டிவிடுகிறார்கள். அது ஏறத்தாழ 300 டிகிரி சுழலக்கூடியது. லீவரோ கழித்தல் 20 முதல் 45 வரை, மொத்தம் 65 டிகிரிதான் நகர்கிறது. அந்த அளவை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் 10 பிட் ஆர்டுயினோ பலகையில் 0 முதல் 1023 வரை எண்கள் இருந்தாலும் கையில் கிடைப்பது சுமார் 220 மட்டும். சிஎல்லுக்கும் எஃப்எல்எக்ஸுக்கும் இடையே 34 எண்கள், ஐடிலுக்கும் ரிவர்ஸ் ஐடிலுக்கும் இடையே 20. மின் இரைச்சலில் அளவு இரண்டு மூன்று எண் துள்ளினால் அந்த 20-இல் கணிசமான பங்கு போய்விடும். நடுமுனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வைத்தால் துள்ளல் அடங்கும், ஆனால் எண்கள் பெருகாது. 1:4 பற்சக்கரம் வைத்தால் 260 டிகிரி சுழன்று எண்கள் நான்கு மடங்காகும். கூடவே பற்களுக்கு இடையிலான தளர்வும் வந்து சேரும். வாங்கும்போது நேரியல் வகை, அதாவது ‘பி’ எழுத்துள்ளதா என்று பாருங்கள். ஒலிபெருக்கிக்கான ‘ஏ’ வகை மடக்கை வளைவில் மாறுவதால் ஒரு முனையில் பள்ளங்கள் நெருங்கியும் மறுமுனையில் விலகியும் தெரியும்.

ஏஎஸ்5600 காந்த உணரி இதைவிட நல்ல தெரிவு. ஒரு சுற்றுக்கு 4096 படிகள், எனவே 10 டிகிரிக்கு 114 எண்கள். உரசும் பாகமும் இல்லை. அதற்கு விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய வட்டக் காந்தம்தான் வேண்டும். சாதாரண வட்டக் காந்தத்தை வைத்தால் லீவரை அசைத்தும் எண் உருப்படியாக மாறாது. சிப்புக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 0.5 முதல் 3 மி.மீ. வரை இருக்கலாம். இரண்டு லீவருக்கு இரண்டு சிப் போடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ஐ2சி (பல சிப்புகள் ஒரே தடத்தில் பேசும் முறை) முகவரி எல்லாச் சிப்பிலும் 0x36 என்று நிலையானது, ஒரே கம்பியில் இரண்டும் மோதும். பல்லிணைப்பி (ஒரு நேரத்தில் ஒரு சிப்பை மட்டும் இணைப்பது) ஒன்றைச் சேர்க்க வேண்டும், அல்லது இரண்டு ஐ2சி தடம் உள்ள பலகை வேண்டும்.

இனி தங்குநிலையை மென்பொருளுக்குச் சொல்லித்தரும் வேலை. ஃப்ளை பை வயர் குழு சிமுலேட்டருக்காக உருவாக்கிய ஏ320 விமானமான ஏ32என்எக்ஸில் இதற்கென ஒரு பக்கம், விமானத்தினுள் இருக்கும் டேப்லெட்டில் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு எண்கள், கழித்தல் 1 முதல் கூட்டல் 1 வரையிலான அளவுகோலில். லீவரைப் பள்ளத்தில் வைத்து ஒருமுறை பார்த்த எண்ணை அப்படியே போடுவது போதாது. கீழிருந்து மேலாகத் தள்ளி அமர்த்தினால் ஓர் எண், மேலிருந்து இழுத்து அமர்த்தினால் இன்னோர் எண் வரும். இணைப்புகளின் தளர்வுதான் காரணம். முதலாவது 0.02, இரண்டாவது 0.06 என்று வந்தால், எல்லைகளை கழித்தல் 0.01, 0.09 என இருபுறமும் 0.03 விட்டு வையுங்கள். அடுத்தடுத்த நிலைகளின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் விட்ட இடத்தைக் குறைப்பதற்கு முன் இயந்திரத் தளர்வைச் சரிசெய்யுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு சிமுலேட்டரின் உணர்திறன் வளைவை நேர்கோடாக்கி, செயலற்ற மண்டலத்தை 0 ஆக்கிவிட வேண்டும். வளைவைப் பின்னால் மாற்றினால் எல்லா எண்களும் நகரும். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் அளவமைப்பை மறுபடி ஓட்டினாலும் அதே கதைதான். பறக்கும்போது லீவரைத் தொடாமலேயே உந்துவிசை திடீரென எகிறினால் பள்ளத்தைக் குறை சொல்லாதீர்கள். அதே அச்சு (லீவர் அனுப்பும் உள்ளீடு) சிமுலேட்டரின் தொடக்கநிலை அமைப்பில் இன்னொரு கட்டளைக்கும் கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹனிகோம்ப் பிராவோ போன்ற குவாட்ரண்டில் ஐடிலுக்குக் கீழே அச்சு தொடர்வதில்லை, ஒரு பொத்தான் அழுந்துகிறது. ஆகவே ஏ32என்எக்ஸின் அந்தப் பக்கத்தில் ‘ரிவர்ஸ் அச்சிலேயே உள்ளது’ என்ற தெரிவை அணைத்து, அந்தப் பொத்தானை ரிவர்ஸ் கட்டளைக்குக் கட்ட வேண்டும்.

சுழல் குமிழ்களிலும் இதே சொல் வேறு வேஷத்தில் வருகிறது. ரோட்டரி என்கோடரின் (சுழற்சியைத் துடிப்புகளாக அனுப்பும் குமிழ்) ஒவ்வொரு சொடுக்கும் ஒரு தங்குநிலையே. கேஒய்-040 வகையில் ஒரு சுற்றுக்கு 20 சொடுக்கு, 20 துடிப்பு. இசி11 வகையில் 30 சொடுக்கு, 15 துடிப்பு கொண்டதும் விற்கிறது. அதில் இரண்டு சொடுக்குக்கு ஒரு துடிப்பு. மோபிஃப்ளைட்டில் (குமிழ்களைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மென்பொருள்) என்கோடர் வகையைத் தவறாகக் கொடுத்தால், திசைக்குமிழை இருமுறை சொடுக்கினால் ஒரு டிகிரி மாறும், அல்லது ஒருமுறைக்கே இரண்டு மாறும். முதலாவது வந்தால் ‘சுழற்சிக்கு 2 டிடென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், இரண்டாவது வந்தால் ‘சுழற்சிக்கு 1 டிடென்ட்’. (இங்கே சுழற்சி என்பது ஒரு துடிப்பு, குமிழின் முழுச் சுற்று அல்ல.) அதிலும் 00, 11 என்று இரு உட்பிரிவு உண்டு. குமிழ் ஓய்ந்திருக்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலியில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும்.