சொல் விளக்கம்: கப் ஃபைனல் – கோப்பை இறுதியாட்டம்

ஒரு நாட்டின் கால்பந்துச் சங்கம், பெரிய அணி சின்ன அணி என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே போட்டியில் சேர்க்கிறது. சுற்றுக்குச் சுற்று தோற்றவர்கள் வெளியேறுகிறார்கள். மிஞ்சும் இரண்டு அணிகள் பொதுவாக ஒரே ஒரு முறை மோதுகின்றன. அந்த ஆட்டம்தான் கப் ஃபைனல். லீக் வேறு வகை. அங்கே புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும், பட்டியலில் மேலே நிற்பவருக்குப் பட்டம். பொதுவாக அதில் ஃபைனல் என்று ஒன்று இருக்காது. ஆகவே 'கப்', 'ஃபைனல்' என்ற இந்த இரண்டு சொற்களும் ஒட்டிப் பிறந்தவை.

பிறந்த இடம் இங்கிலாந்து. 1871-இல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் சார்லஸ் ஆல்காக், தான் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கிடையே நடந்த வெளியேற்று முறைப் போட்டியை மனத்தில் வைத்து, சங்க அணிகள் அனைத்துக்கும் ஒரு கோப்பைப் போட்டியை முன்மொழிந்தார். முதல் இறுதியாட்டம் 1872 மார்ச் 16 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. வாண்டரர்ஸ் அணியும் ராயல் எஞ்சினியர்ஸ் என்ற ராணுவ அணியும் மோதின. கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குச் சட்டம் கிடையாது, நாடாதான் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாறிக்கொள்வது அன்றைய வழக்கம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ராணுவ அணியின் கிரெஸ்வெல்லுக்குக் காறையெலும்பு முறிந்துபோனது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். மனிதர் கடைசிவரை களத்தைவிட்டுப் போகவில்லை. வாண்டரர்ஸ் 1-0 என்று வென்றது. அந்த ஒற்றை கோலை அடித்த மார்ட்டன் பெட்ஸ், 'ஏ. எச். செக்கர்' என்ற புனைபெயரில் ஆடியிருந்தார்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஃபைனல்' என்பதற்கு மூலம் லத்தீன் 'ஃபீனிஸ்'. முடிவு, எல்லை என்று பொருள். நம் 'இறுதி' அதற்கு மிகப் பொருத்தமான சொல். இறுதல் என்றால் முடிதல். தொல்காப்பியத்தில் 'ஆகார இறுதி' என்றால் ஆகாரத்தில் முடியும் சொல். இறுதி ஊர்வலம், இறுதிச் சடங்கு என்ற வழக்கால் இந்தச் சொல்லுக்குச் சாவின் சாயல் வந்துவிட்டது என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை. சாவு ஒரு முடிவு என்பதால்தான் அந்தச் சொல் அங்கே போனதே தவிர, அங்கிருந்து வரவில்லை.

'கப்' கதை இன்னும் சுவையானது. ஆங்கிலக் 'கப்' லத்தீன் 'குப்பா'விலிருந்து வந்தது. ஸ்பானியக் 'கோப்பா', இத்தாலியக் 'கொப்பா', பிரெஞ்சுக் 'கூப்' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நாம் தமிழ் என்றே நினைத்துப் புழங்கும் 'கோப்பை'யும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். போர்த்துகீசியர் வழியாக, அவர்களுடைய 'கோப்பு' என்ற குடிகலச் சொல்லிலிருந்து வந்தது. மேசை, சாவி, சன்னல், அலமாரி எல்லாம் நம்மிடம் வந்த அதே வழி. ஆக 'கப்' என்பதைக் 'கோப்பை' என்று மாற்றும்போது அதன் ஒன்றுவிட்ட உறவைத்தான் அழைக்கிறோம்.

தனித்தமிழ் வேண்டும் என்றால் 'கிண்ணம்' இருக்கிறது. திருஞானசம்பந்தருக்கு உமையம்மை பால் கொடுத்தது 'பொற்கிண்ண'த்தில் என்று பெரியபுராணம் சொல்கிறது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'உலகக் கிண்ணம்' என்றே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 'உலகக் கோப்பை'. என் காதுக்குக் கிண்ணம் இனிமையாகவே இருக்கிறது. ஆனால் சில நூற்றாண்டுகளாகப் புழங்கி, தமிழ் இலக்கணத்துக்குள் முழுக்க அடங்கி, 'கோப்பையை', 'கோப்பைக்கு' என்று வேற்றுமை ஏற்று நடக்கும் சொல்லைத் துரத்தவும் எனக்கு மனமில்லை. இரண்டும் இருக்கட்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாத்திரத்துக்கும் போட்டிக்கும் இந்த ஒரே சொல்தான் பெயர். இங்கிலாந்தின் முதல் வெள்ளிக் கோப்பை 1895-இல் பர்மிங்காமில் ஒரு கடையின் காட்சி ஜன்னலில் வைத்திருந்தபோது திருடு போனது, திரும்பக் கிடைக்கவேயில்லை. பாத்திரம் போய்விட்டது, போட்டி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, நான் விடாப்பிடியாக நிற்கும் இடம்: 'இறுதிப்போட்டி'யா, 'இறுதியாட்டமா'? செய்தித்தாள்களில் முன்னதுதான் அதிகம். ஆனால் போட்டி என்றால் முதல் சுற்றிலிருந்து கடைசிவரை உள்ள முழுத் தொடர் என்றும் பொருள்படும். 'போட்டியில் 15 அணிகள் கலந்துகொண்டன' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'போட்டி 1-0 என முடிந்தது' என்று எழுதினால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். தொடருக்குப் போட்டி, களத்தில் தொண்ணூறு நிமிடம் நடப்பதற்கு ஆட்டம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை. அரையிறுதி, காலிறுதி இரண்டும் ஏற்கெனவே அழகாக நிலைத்துவிட்டன. அவற்றோடும் 'ஆட்டம்' சேரட்டும்.

'இறுதி' என்றால் காலத்தால் கடைசி ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எஞ்சிய இருவரின் ஆட்டம் என்பதே பொருள். 1875-இல் ராயல் எஞ்சினியர்ஸ், ஓல்ட் ஈட்டோனியன்ஸ் மோதிய இறுதியாட்டம் சமனில் முடிந்து, மறுபடி ஆடவேண்டி வந்தது. அந்த மறு ஆட்டமும் இறுதியாட்டம்தான். இங்கிலாந்தில் இப்படி மறுமுறை ஆடப்பட்ட கடைசி இறுதியாட்டம் 1993-இல் ஆர்சனலுக்கும் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேக்கும் நடந்தது. 2005-இல் முதன்முறையாகப் பெனால்டி உதைகளால் முடிவு கண்டார்கள். கோலே விழாத அந்த ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை ஆர்சனல் 5-4 என்று வென்றது.

எஃப்.ஏ. கப் எனப்படும் இந்த இங்கிலாந்துப் போட்டியின் முழுப்பெயரில் 'சேலஞ்ச் கப்' என்று இருப்பதும் வெறும் அலங்காரமில்லை. 1873-இல் முந்தைய ஆண்டு வென்ற வாண்டரர்ஸ் எந்தச் சுற்றிலும் ஆடாமல் நேராக இறுதியாட்டத்துக்கு வந்தது. மற்றவர்கள் தங்களுக்குள் மோதி, வென்றவர் வந்து கோப்பை வைத்திருப்பவரை அறைகூவ வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு அறைகூவிய ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2-0 என்று தோற்றது. அப்புறம் அந்த விதியைக் கைவிட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் 'அறைகூவல் கோப்பை' என்றால் சரியாக அமையும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலச் செய்திகளில் 'கப் டை', 'ஃபைனல் டை' என்று வரும். கிரிக்கெட் பழக்கத்தில் உடனே 'சமன்' என்று போட்டுவிடத் தோன்றும். இங்கே 'டை' என்றால் குலுக்கலில் சேர்க்கப்பட்ட இரு அணிகளின் மோதல், அவ்வளவுதான். கோல்கள் சமமாவதைக் கால்பந்தில் 'டிரா' என்பார்கள். எனவே 'கப் டை' கோப்பை ஆட்டம். 'ஃபைனல் டை' இறுதியாட்டம். 'டிரா' மட்டுமே சமன்.