பிக்கப் இருக்கையில் இடுப்பு ஏன் வலிக்கிறது?

பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். ஆனால் நான்கு மணி நேரம் ஓட்டினால் இடுப்பு தாங்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மெத்தை அல்ல. குதிகால் ஊன்றும் தரைக்கும் இடுப்பு மூட்டுக்கும் நடுவே உள்ள உயரம்தான்.

அமெரிக்காவில் 2023 மாடல் வரை விற்ற முந்தைய தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கேபின் ஏணி வடிவச் சேஸிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) மேல் உட்காருவதால் தரை உயர்ந்துவிடுகிறது. கூரையை அதே அளவு உயர்த்தவில்லை, இருக்கையைத் தாழ்த்திவிட்டார்கள். கால் முன்னே நீள்கிறது, தொடை மெத்தையை விட்டு எழும்புகிறது, எடை முழுவதும் பிட்டத்து எலும்பில் இறங்குகிறது. இடுப்பெலும்பு பின்னால் சரிய, கீழ்முதுகின் உள்வளைவு தட்டையாகிறது. வலி அங்கேதான் தொடங்கும். ஓட்டுநர் இருக்கையின் உயரத்தைக் கூட்டும் வசதி 2020 மாடலில்தான் வந்தது. பழைய வண்டிக்காரர்கள் இருக்கையின் முன்பக்க போல்ட்களுக்கு அடியில் உலோக ஸ்பேசர் (இடைவெளியை உயர்த்தும் வளையம்) வைத்துத் தொடைக்குத் தாங்கல் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் போல்ட்டும் அதே வலிமைத் தரத்தில், ஸ்பேசரின் கனத்துக்கு ஏற்ப நீளமாக மாற வேண்டும். மரை போதிய ஆழம் பிடிக்காவிட்டால், மோதலில் இருக்கையே பெயர்ந்துவிடும்.

நம் ஊர்க் குட்டி யானை, அதாவது 2005ல் வந்த டாடா ஏஸ், இதற்கு நேர்மாறு. இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் நாற்காலியில் போல நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் சூடும் அதிர்வும் நேராக மேலே வரும். முதுகுச் சாய்வுக்குப் பின்னால் இடமும் கிடையாது.

அதிர்வு தனிக் கதை. மேலும் கீழுமான குலுக்கலில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 4 முதல் 8 முறை குலுங்குவதுதான் உடலை அதிகம் வருத்துகிறது. சாதாரண ஃபோம் மெத்தையோ சுமார் 4 ஹெர்ட்ஸில் குலுக்கலைக் குறைக்காமல் பெருக்கிவிடும். சுமைக்காகக் கட்டிய லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்) சுமையில்லாத வண்டியில் விறைத்து நிற்பதால் இன்னும் மோசம். ராம் 1500 பிக்கப் 2009 மாடலில் பின்புறம் காயில் ஸ்பிரிங்குக்கு (சுருள்வில்) மாறியதன் பலன் இங்கேதான் தெரியும்.

எந்த வண்டியானாலும் முதலில் பிட்டத்தைச் சாய்வின் அடிவரை தள்ளி உட்காருங்கள். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். மெத்தை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். மெத்தைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே உள்ள கோணம் 100 முதல் 110 டிகிரி. சாய்விலிருந்து தோளை எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். பின் பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, காலுக்கு இறங்கும் நரம்பை அது அழுத்தும்.